பி.எஸ்சி. உயிரியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவரவியலோ விலங்கியலோ நுண்ணுயிரியலோ, எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அதிலுள்ள படங்களை அப்படியே வரைந்துவிடுவது. மூன்று ஆண்டுப் படிப்பை உள்ளிருந்தே அரிப்பது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

செல்கள் பிரிவதைப் பார்க்கும் வெங்காய வேர்நுனிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, கவர் ஸ்லிப்பால் மூடி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், பெரும்பாலான செல்கள் பிரியாத நிலையில்தான் இருக்கும். வேரை நுனியிலிருந்து தள்ளி மேலே வெட்டியிருந்தால், பிரியும் செல் ஒன்றுகூட அகப்படாது. நோட்டிலோ செல் பிரிதலின் நான்கு நிலைகளும் பிசிறில்லாமல் வரிசையாக நிற்கும். அகப்பட்டது அந்த நான்கில் ஒன்றான மெட்டாஃபேஸ் மட்டும்தான் என்றால் அதை மட்டும் வரையுங்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தீர்கள் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 40 என்றால் 400 மடங்கு. 40-க்கு மாறிய பிறகு நுண்ணோக்கியின் பெரிய திருகைத் தொடவே கூடாது. ஸ்லைடு உடைவது அங்கேதான்.

பார்க்காமல் வரைவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு அறிவியல் வரலாறே பதில் வைத்திருக்கிறது. மனிதக் குரோமோசோம்கள் 48 என்று 1920-களிலிருந்து பாடநூல்கள் சொல்லிவந்தன. அதன்பின் எண்ணிய பலரும் 48 என்றே எண்ணினார்கள். 1955 இறுதியில் சுவீடனின் லுண்ட் நகரில் ஆய்வாளர் ஜோ ஹின் ஜியோ, நன்றாக விரிந்து கிடந்த செல்களில் 46-ஐக் கண்டார். ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956-இல் அதை வெளியிட்டார்.

அடுத்த தவறு, கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு வருவது. நூறு பட்டாணிச் செடிகளில் 70 நெட்டை, 30 குட்டை வந்தால் அது 3:1 விகிதம்தானா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எதிர்பார்ப்பு 75, 25. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் கை-ஸ்கொயர் மதிப்பு சுமார் 1.33. அது 3.84 என்ற எல்லையைத் தாண்டினால்தான் விகிதத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே இந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே. இந்த நான்கு வரிக் கணக்கைத் தள்ளிவிட்டால் மரபியலில் பாதி கைநழுவிவிடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பத்திகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு சிறு சிறு வாக்கியங்களாகச் சொந்தமாக எழுதிப் பழகுங்கள்.

மேற்படிப்பைப் பற்றி இறுதித் தேர்வு முடிந்தபின் விசாரிப்பதும் பெரிய இழப்பு. ஐஐடிகளின் முதுநிலைப் படிப்புகளுக்கான ஜாம் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அதன் உயிரித் தொழில்நுட்பத் தாளில் பிளஸ் டூ அளவிலான வேதியியல், இயற்பியல், கணிதக் கேள்விகளும் உண்டு. ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே பழைய வினாத்தாள்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ புத்தகங்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.