சிக்னலைப் பச்சையாக்கும் கருவி வேண்டாம், இதைச் செய்யுங்கள்

கும்பகோணத்திலிருந்து பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் டிரைவர் நான். புதிதாகக் கார் வாங்கும் தம்பிகள் சிலர், "அண்ணே, சிக்னலைப் பச்சையாக்குற கருவி ஆன்லைன்ல கிடைக்குதாமே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வாங்காதீர்கள்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸின் தலையில் ஒரு விளக்கு இருக்கும். நொடிக்குச் சுமார் 14 முறை அகச்சிவப்புக் கதிரை விட்டுவிட்டு வீசும். சிக்னல் கம்பத்தில் அதைப் பிடிக்க ஓர் உணரி இருக்கும். அது தகவல் கொடுத்ததும் குறுக்குச் சாலைக்கு மஞ்சள், சிவப்பு விழுந்து, அப்புறம்தான் வண்டிக்குப் பச்சை வரும். கம்பத்தில் உணரி இல்லாத சிக்னலில் எவ்வளவு மின்னினாலும் ஒன்றும் நடக்காது. உணரி உள்ள இடத்தில் தனியார் கார் இந்தக் கருவியைப் பயன்படுத்தினால், குறுக்குச் சாலையில் உயிருக்குப் போராடும் ஒருவரை ஏற்றி வரும் வண்டி சிவப்பில் மாட்டிக்கொள்ளும். இதனால்தான் 2005-இல் அங்கே கூட்டாட்சிச் சட்டமே கொண்டுவந்தார்கள்: அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் 6 மாதம், அனுமதியற்றவருக்கு விற்றால் ஓராண்டு வரை சிறை.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு, போக்குவரத்துக் குறிகளை மாற்றவோ குலைக்கவோ கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் சிக்னலும் ஒரு குறிதான்.

சரி, பின்னால் சைரன் கேட்டால் என்ன செய்வது? பதறிச் சட்டென்று பிரேக் போடாதீர்கள், அதுதான் எங்களுக்குப் பெரிய ஆபத்து. கண்ணாடியைப் பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, இடதுபக்கம் ஒதுங்குங்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலை ஓரத்தில் நெல் காயும், வைக்கோல் டிராக்டரும் நிற்கும். அங்கே ஒதுங்க முடியாதென்றால் நிற்காமல் நிதானமாக முன்னே போய், இடம் கிடைத்ததும் ஒதுங்குங்கள். சிவப்பில் முதல் வண்டியாக நின்றால் குறுக்குப் போக்குவரத்துக்குள் பாயாதீர்கள். காவலர் கை காட்டினால் மட்டும் நகருங்கள், இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இடதுபக்கம் ஒட்டிக்கொண்டால் போதும். நடுவில் எங்கள் வண்டி போகிற அளவுக்கு இடம் கிடைத்தால் நாங்கள் நுழைந்துவிடுவோம்.

வேண்டுமென்றே வழிவிடாமல் இருந்தால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ (194E) பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நாங்கள் கடந்ததும் வால் பிடித்து வராதீர்கள். பின்னால் இன்னொரு ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.