பாண்டாஸில் நிபந்தனை கோர்க்கும்போது சத்தமில்லாமல் நடக்கும் தப்புகள்

பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம் பாண்டாஸ். வேண்டிய வரிசைகளை வடிகட்டும் வரியில் இரண்டு நிபந்தனைகளை ‘அண்ட்’ (and) என்று கோர்த்தால் அது உடனே வேல்யூஎரர் என்ற பிழையைக் காட்டிக் கத்தும். அட்டவணையின் ஒரு முழுப் பத்தியை (column) நீட்டி ‘இது உண்மையா பொய்யா, ஒரே பதில் சொல்’ என்றால் அது என்னதான் செய்யும்? சரியென்று ‘அண்ட்’டுக்குப் பதில் & போட்டு மாற்றிவிடுவோம். அப்புறமும் கத்தும், ஏனென்றால் >, == இவற்றைவிட & முந்திக்கொள்ளும்.

வயது > 18 & வயது < 60

இதில் முதலில் கணக்காவது நடுவில் இருக்கும் 18 & வயது. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் தனி அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது. (பைத்தான் 3-இல் மாறிப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.)

சரி, கத்துகிற பிழையால் பெரிய நஷ்டம் இல்லை. கத்தாததுதான் ஆபத்து.

(ஊர் == "மதுரை") | (ஊர் == "தேனி") & (தொகை > 500)

அடைப்புக்குறி எல்லாம் இருக்கிறது, ஓடவும் செய்யும். ஆனால் ‘அல்லது’ என்று பொருள்படும் |-ஐவிட & முந்தும் என்பதால் தொகை நிபந்தனை தேனிக்கு மட்டும்தான், மதுரைக்காரர்கள் பத்து ரூபாய்க்கு வாங்கியிருந்தாலும் உள்ளே வந்துவிடுவார்கள். ஊர்களை ‘இஸ்இன்’ (isin, பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது) வைத்து ஒரே நிபந்தனையாக்கிவிடுங்கள்.

என்னைக் கவிழ்த்தது வேறு ஒன்று. 500-க்கு மேல் வாங்காதவர்கள் பட்டியல் வேண்டும் என்று ~(தொகை > 500) என எழுதினேன். தொகையே பதிவாகாத வரிசைகளும் அதில் ஏறிக்கொண்டன. காலி இடத்தைக் குறிக்கும் NaN என்ற மதிப்பை எதோடு > வைத்து ஒப்பிட்டாலும் பொய் என்றுதான் வரும், ~ அதைப் புரட்டி உண்மையாக்கிவிடும். != (சமமில்லை) கூட அப்படித்தான், காலி வரிசைக்கு உண்மை என்றே சொல்லும். அதற்குப் பிறகு ~ போட்டுத் திருப்புவதை விட்டுவிட்டேன், தொகை <= 500 என்று நேராகவே எழுதுகிறேன்.

இன்னொரு பைத்தான் நூலகமான நம்பையின் (NumPy) ‘செலக்ட்’, நிபந்தனைக்கு ஏற்ப மதிப்பைத் தேர்ந்து கொடுக்கும். அதில் நிபந்தனைகளை எந்த முறையில் அடுக்குகிறோம் என்பது முக்கியம், முதலில் பொருந்துவதே ஜெயிக்கும். > 100 மேலேயும் > 1000 கீழேயும் இருந்தால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு நிபந்தனையையும் தனிப் பெயரில் வைத்து, ‘சம்’ போட்டு எத்தனை உண்மை என்று எண்ணிப் பார்க்கிறேன். 500-க்கு மேல், 500 வரை, காலி, இந்த மூன்றையும் கூட்டினால் மொத்த வரிசை எண்ணிக்கை வராத வரை அடுத்த வரிக்குப் போவதில்லை.