மணிக்கட்டுக் கருவியைக் கொண்டு மருத்துவ ஆய்வு: குமரி மாவட்டத்தில் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

குமரி மாவட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களின் அல்லது மீனவர்களின் இதயத்துடிப்பையும் உறக்கத்தையும் மணிக்கட்டுக் கருவியால் அளக்க விரும்பும் ஆய்வாளர், எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்கும் முன், அதை அணியப்போகிறவரின் நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்டறிய வேண்டும். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்ப் பிற்பகலில் கண்ணயர்பவரின் உறக்கத்தை, நள்ளிரவில் நாளைப் பிரிக்கும் கணக்கு இரண்டு துண்டாக்கிவிடும். உறக்கத்தை நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை கணக்கிடுவதே இங்கே பொருந்தும்.

மென்பொருள் பதப்படுத்திய எண்களை மட்டுமன்றி, கருவி அளந்ததை அப்படியே காட்டும் மூலப்பதிவையும் தரும் கருவியையே தேர்ந்தெடுங்கள். ஆய்வின் நடுவே மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்பட்டால் கணக்கிடும் முறையே மாறிவிடக்கூடும் என்பதால், அந்த வசதியை முதல் நாளே நிறுத்தி வையுங்கள்.

இக்கருவிகளில் பெரும்பாலானவை தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்துக்கேற்பத் திரும்பிவரும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு துடிப்பை எண்ணுகின்றன. தோலின் நிறமி இந்த ஒளியை உறிஞ்சும். கையசைவும் வியர்வையும் தளர்ந்த பட்டையும் அளவைக் குலைக்கும். ஆகவே கத்தி பிடிக்காத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே அணியச் சொல்லுங்கள். முதலில் சிலரிடம், அவர்கள் வேலை செய்யும்போதே, இசிஜி பதிவுக் கருவியையும் சேர்த்துப் பொருத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவமனை நாற்காலியில் அமரவைத்துச் செய்யும் சோதனை இதற்கு ஈடாகாது.

நான் மிகவும் அஞ்சும் பிழை வேறொன்று: கழற்றி வைத்த நேரத்தை அசைவற்ற நேரமாகக் கணக்கிடுவது. அணியாத நேரம் வெற்றிடம். அது சுழியம் அன்று. அசைவு ஆய்வுகளில் ஒரு நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 4 நாள் கருவியை அணிந்திருக்க வேண்டும் என்ற வரம்பு பரவலாகக் கையாளப்படுகிறது. எந்த வரம்பானாலும் அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்; கழற்றிய காரணத்தைக் குறிக்க ஒரு சிறு நோட்டும் கொடுங்கள். தூத்தூர்ப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவோருக்குக் கைபேசித் தொடர்பு கிடைக்காது என்பதால், கருவியின் நினைவகம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சோதியுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். மருந்துச் சோதனையானால், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். விளவங்கோடு பக்கம் மலையாளத்திலும் தேவைப்படும். இருப்பிடப் பதிவை அணைத்து விடுங்கள். மீன் கிடைக்கும் இடம் மீனவரின் வாழ்வாதாரம். அதைக் கேட்க ஆய்வாளருக்கு உரிமையில்லை.

சீரற்ற துடிப்பு தென்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆப்பிள் கைக்கடிகாரம் சீரற்ற துடிப்பைக் கண்டறிவதைச் சோதித்து 2019-இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தனர். துடிப்பு சீரற்றிருப்பதாகக் கடிகாரத்தின் எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர். அவர்களில் ஆராயத்தக்க இசிஜி ஒட்டுப்பட்டைப் பதிவைத் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேரே. அந்த 450 பேரிலும் 34 விழுக்காட்டினருக்கே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு பதிவானது. எச்சரிக்கை என்பது நோய் உறுதியானதாகப் பொருளாகாது என்பதைப் பங்கேற்பாளருக்கு முதல் நாளே விளக்குங்கள். அவரை யார் அழைப்பார், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு யார் உடன் வருவார், பயணச் செலவை யார் ஏற்பார் என்பவற்றைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள்.