ஆத்தாவோடு ஸ்டாக்ஹோம்: நம்ம பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் அப்பத்தா காலத்து மங்குத் தூக்கு, அதாவது எனாமல் பூசிய தூக்கு, ஒன்று இருக்கிறது. அடியைத் திருப்பினால் ஸ்வீடன் என்று முத்திரை. செட்டிநாட்டில் பல வீடுகளில் இப்படி ஒன்றாவது கிடக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கும் கிடைக்கும். தம்பிக்கு ஸ்டாக்ஹோமில் வேலை என்றதும் ஆத்தா முதலில் கேட்டது, "இந்தத் தூக்குச் செஞ்ச ஊராடா?" என்றுதான். போன ஜூனில் ஆத்தாவும் நானும் பத்து நாள் போய் வந்தோம். வந்ததிலிருந்து சொந்தபந்தத்தில் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், டூர் பஸ்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் முதல் நாள் கட்டினோம், ஜன்னல் வழியாகக் கட்டடங்கள் ஓடியதுதான் மிச்சம், ஆத்தாவுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த ஊர் 14 தீவுகள் மேல் இருக்கிறது. தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் எது எங்கே இருக்கிறது என்பதே பிடிபடும், அதற்கு ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகே போதும்.

எப்போது போவது? மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் வெளுத்துவிடுகிறது, வயதானவர்களுக்குத் தூக்கம் கெடும், கண்ணை மூட ஒரு கறுப்புத் துணி எடுத்துப்போங்கள். டிசம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும், சுற்றிப் பார்க்க அது தோதுப்படாது. அப்புறம் ஜூன் 19க்கும் 25க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர் பண்டிகை. அன்றைக்கும் மறுநாளும் ஊரே காலி, கடை, மியூசியம் பலவும் மூடிக் கிடக்கும். இது தெரியாமல் ஒரு நாளை நாங்கள் வீட்டிலேயே கழித்தோம், நீங்கள் தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

விசா ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனுப் போடலாம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள்.

சாப்பாட்டு மூட்டையில் கவனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சி சேர்ந்த பண்டம் எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் சேர்த்திதான், பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேன்குழல், பருப்புப் பொடி, வற்றல், புளி எல்லாம் எடுத்துப்போனோம், ஒரு தொந்தரவும் இல்லை. அடுப்படி உள்ள வீடாகப் பார்த்துத் தங்கினால் செலவு பாதியாகக் குறையும். வெளியே சாப்பிடுவதென்றால் வார நாட்களில் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் "தாகென்ஸ் லஞ்ச்" (இன்றைய மதியச் சாப்பாடு) என்று பலகை வைத்த கடைக்குப் போங்கள், பெரும்பாலும் சாலட், ரொட்டி, காப்பி எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம், சைவமும் ஒன்று இருக்கும். தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும்.

நோட்டாகப் பணம் மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள், கழிப்பறைக் கதவுகூடக் கார்டைத் தொட்டால்தான் திறக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அர்லாண்டா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். 20 நிமிடத்தில் கொண்டுவிடும் எக்ஸ்பிரஸ் ரயில் விலை அதிகம், விமான நிலையப் பேருந்து முக்கால் மணி நேரத்தில் பாதிக் காசுக்குள் கொண்டுவிடும், பெட்டி வைக்கவும் இடம் உண்டு. ஊருக்குள் வந்ததும் எஸ்எல் சீட்டு வாங்குங்கள், எஸ்எல் என்பது அந்த ஊர்ப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். மெட்ரோ, பஸ், டிராம், நகருக்குள் ஓடும் எஸ்எல் படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஒரு தடவைச் சீட்டு 75 நிமிடம் செல்லும், 24 மணி, 72 மணி, 7 நாள் சீட்டும் உண்டு. 65 வயது ஆனவர்களுக்குக் கட்டணம் குறைவு, அவர்களுக்கு ஆப்பில் தனியாக எடுத்துவிடுங்கள். மெட்ரோவில் லிஃப்ட் எங்கே என்று தேடினால் "ஹிஸ்" என்று எழுதியிருக்கும், அதுதான். அவசரப்பட்டு ஏறி இறங்காதீர்கள், தொண்ணூறுக்கு மேற்பட்ட நிலையங்களில் ஓவியமும் சிற்பமும் இருக்கின்றன. தே-சென்ட்ராலென் நிலையத்தில் வெள்ளைப் பாறைக் கூரை மேல் நீலக் கொடி படர்ந்த மாதிரி வரைந்திருக்கிறார்கள், சோல்னா சென்ட்ரும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

இனி பார்க்க வேண்டியவை. ஸ்லுஸ்ஸென் துறையில் 82ஆம் நம்பர் படகில் ஏறுங்கள், எஸ்எல் சீட்டு செல்லும், கொஞ்ச நேரத்தில் யூர்கார்டென் தீவில் இறக்கிவிடும். இறங்கி நடந்தால் வாசா மியூசியம். வேறு எதற்கும் நேரம் இல்லை என்றாலும் இதை விடாதீர்கள். 1628 ஆகஸ்ட் 10இல் முதல் பயணம் புறப்பட்ட வாசா என்ற போர்க்கப்பல், 64 பீரங்கி, துறைமுகத்தை விட்டு சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. மேல் கனம் அதிகம். புறப்படுவதற்கு முன்பே 30 ஆட்களைத் தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள், கப்பல் ஆடிய ஆட்டத்தில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், ஆனாலும் ராஜா அவசரப்படுத்தியதால் கிளப்பிவிட்டார்கள். 333 வருஷம் கழித்து 1961இல் அதை அப்படியே தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவு, மரத்தைத் துளைக்கும் புழு அங்கே பிழைக்காது, அதனால்தான் ஓக் மரம் மிஞ்சியது. உள்ளே போனதும் அரையிருட்டு, சில்லென்று இருக்கும், மேல் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்துக்கு லிஃப்டில் போய்க் கப்பலின் பின்பக்கத்தை நேராகப் பாருங்கள். சிங்கமும் வீரர்களுமாக அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். நிலைப்படியிலும் உத்தரத்திலும் தேக்கு வேலைப்பாடு பார்த்தே வளர்ந்த நம்ம கண்ணுக்கு உளி போன தடம் தெரியும். ஆத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நகரவே இல்லை.

அதே தீவில் ஸ்கான்சென். 1891இல் ஆர்டூர் ஹாசேலியுஸ் என்பவர் ஆரம்பித்தது. ஸ்வீடன் முழுவதிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள், சுமார் 150 கட்டடம். கண்ணெதிரே வீடுகள் இடிபட்டுத் தூண் வேறாக, கதவு வேறாக விலைபோவதைப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம், அங்கே ஒரு குடியானவன் வீட்டு அடுப்படியைக்கூடக் கரியோடு பத்திரப்படுத்தியிருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மேடு அதிகம், மூட்டு வலி உள்ளவர்கள் காலையிலேயே போங்கள். வாசாவும் ஸ்கான்செனும் ஒரே நாளில் வேண்டாம்.

பழைய நகரம் கம்லா ஸ்தான், சாலையெல்லாம் உருண்டைக்கல், செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள். நடுச் சதுக்கத்தில் நோபல் பரிசு மியூசியம் இருக்கிறது, அங்கே உள்ள காப்பிக் கடை நாற்காலிகளின் அடியில் பரிசு வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், குனிந்து திருப்பிப் பார்க்கலாம். நோபல் விருந்து நடக்கும் நகர மண்டபம் பத்து, பதினைந்து நிமிட நடை. 1923இல் திறந்தது, உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். நீல மண்டபம் என்று பெயர், ஆனால் சுவர் செங்கல் நிறம். நீலம் பூச நினைத்த கட்டடக் கலைஞர் செங்கல்லின் அழகைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாராம். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் 1983லும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009லும் நோபல் விருந்துக்கு உட்கார்ந்த இடம் அது.

நேரம் இருந்தால் ஹிஸ்டோரிஸ்கா மியூசியத்தில் ஒரு சின்ன வெண்கலப் புத்தரைப் பாருங்கள், உயரம் 8 சென்டிமீட்டர் சொச்சம். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்தது, ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே ஹெல்கோ தீவில் தோண்டும்போது கிடைத்தது. வியாபாரச் சரக்கோடு கைமாறிக் கைமாறி அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே இரண்டு இடம் போதும். ஒன்று த்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனை, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. போகும்போது கோடையில் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் புறப்படும் படகில் போங்கள், அதற்குச் சீட்டு வேறு. திரும்பும்போது பஸ்ஸில் ப்ரொம்மாப்ளான் வந்து மெட்ரோ பிடித்தால் எஸ்எல் சீட்டே போதும். அரண்மனை அறைகளை வேகமாகப் பார்த்துவிட்டு 1766இல் கட்டிய நாடக அரங்குக்கு நேரம் வையுங்கள். அலை எழுப்ப மர உருளை, இடி முழங்கக் கல் நிரப்பிய பெட்டி, எல்லாம் அந்தக் காலத்து மரக் கருவி, இன்றைக்கும் ஓடுகின்றன.

இன்னொன்று தீவுக்கூட்டம். சுமார் 30,000 தீவும் பாறையும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஆசைப்படாமல் வாக்ஸ்ஹோல்ம் மட்டும் போங்கள். ஸ்த்ரோம்காயென் துறையிலிருந்து படகு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். ஜூனிலும் கடல் காற்று குத்தும், ஸ்வெட்டர் இல்லாமல் மேல் தளத்தில் உட்கார முடியாது. அங்கே சிவப்பும் மஞ்சளுமாக மர வீடுகள், கரையோரம் ஒரு பெஞ்சு, கையில் ஏலக்காய் பன். அந்த பன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவைத் திரித்து முடிச்சுப் போட்டுச் சுடுகிறார்கள், மேலே ஏலக்காயைக் கொரகொரப்பாகப் பொடித்துச் சர்க்கரையோடு தூவியிருப்பார்கள், பிய்த்ததும் நம்ம வீட்டுப் பாயச வாசனை வரும். காப்பியோடு இப்படி உட்காருவதற்கு "ஃபீக்கா" என்று பேர், ஆத்தாவுக்கு மிகவும் பிடித்துப்போன வார்த்தை. திரும்ப 670ஆம் நம்பர் பஸ், அதற்கு எஸ்எல் சீட்டு செல்லும்.

கடைசி நாளைக் காலியாக வைத்துக்கொண்டு சோதெர்மால்ம் பக்கம் பழைய சாமான் கடைகளில் நுழையுங்கள், "லோப்பிஸ்" என்று பலகை இருக்கும். மங்குத் தட்டு, காப்பிக் கெண்டி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பெயர்ந்த இடம் கறுப்பாகத் தட்டுப்படும், அதை வாங்க வேண்டாம். நல்லதாகப் பார்த்து எடுத்தால் சேலையில் சுற்றிக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் மதுரை வந்து சேர்வதற்குள் அடிபட்டுவிடும்.