ஆர்எக்ஸ் 100: பிஸ்டன், சிலிண்டர் போர் வேலையை வீட்டிலேயே செய்வது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. எஞ்சினில் முதன்முதலாகக் கை வைப்பவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

கிக்கரைக் கையாலேயே எளிதாக அமுக்க முடிகிறதா? மேடு ஏறும்போது இழுவை இல்லையா? அப்படியானால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) போயிருக்கலாம். பலரும் “ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் மாத்திடலாம்” என்பார்கள். அளந்து பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். தேய்ந்த போரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்துளை) புது ரிங் போட்டால் கொஞ்ச நாளில் பழைய நிலைக்கே வந்து நிற்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஆரம்பியுங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடக்கூடும். டேங்க், சைலன்சர், கார்புரேட்டர், பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். சிலிண்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும். சிலிண்டர் கொஞ்சம் மேலே வந்ததுமே கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் (பிஸ்டனைத் தாங்கும் குறுக்குக் கம்பி) இரு முனையிலும் சின்னக் கம்பி லாக் இருக்கும். நான் முதல் தடவை துணி வைக்காமல் கழற்றியபோது அந்த லாக் துள்ளி உள்ளே விழுந்துவிட்டது. அதை வெளியே எடுக்க ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

இப்போதுதான் முக்கியமான வேலை. பழைய பிஸ்டனை வெளிச்சத்தில் பாருங்கள். சைலன்சர் பக்கம் நீளக் கோடுகள் விழுந்திருந்தால், ஆயில் போதவில்லை அல்லது பெட்ரோல் குறைந்து காற்று தேவைக்கு அதிகமாகப் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, ஆயில் பம்ப் கேபிள் ஆக்சிலேட்டரோடு சரியாக இழுபடுகிறதா என்று பாருங்கள். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புது பிஸ்டனும் இதே மாதிரிதான் போகும்.

அடுத்து போர். ஒரு ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிற்கச் செய்யுங்கள். ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். ரிங் ஓடித் தேயும் மேல் பகுதியில் ஓர் அளவு, தேய்மானம் குறைவான அடியில் ஓர் அளவு. மேலே இடைவெளி 0.31 மி.மீ. கூடுதலாக இருந்தால், அங்கே போரின் விட்டம் ஏறக்குறைய 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று பொருள் (சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம்தானே). அவ்வளவு தேய்ந்திருந்தால் ரீபோர் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்தே ஆக வேண்டும். இதன் ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ. ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிடப் பெரிய) பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் போர் போட வேண்டும். போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள வாய்கள்) ஓரங்களின் கூர்மையை மழுக்கித் தரவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும்.

கனெக்டிங் ராடை (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் கிராங்க் வேலையும் இருக்கிறது, இத்துடன் முடியாது.

பட்டறையிலிருந்து வந்த சிலிண்டரை சோப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவுங்கள். பெட்ரோலில் துடைத்தால் ஹோனிங் பொடி (போரைத் தேய்த்து மெருகேற்றியதில் மிஞ்சிய துகள்) முழுதாகப் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் படியக்கூடாது. அதுவரை திரும்பத் திரும்பக் கழுவிவிட்டு, உடனே டூ ஸ்ட்ரோக் ஆயில் தடவிவிடுங்கள்.

சரி, இனி பூட்டலாம். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னின் லாக் கட்டாயம் புதிது, சின்ன நீடில் பேரிங்கும் புதிது. ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரட்டும். பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்ன முளை ரிங் முனைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். புது கேஸ்கெட் வைத்து, ரிங்குகளை விரலால் அமுக்கிக்கொண்டே சிலிண்டரை இறக்குங்கள். எங்கேயாவது தடுத்தால் அழுத்தாமல் திரும்பத் தூக்கிப் பாருங்கள். துணியை எடுக்க மறக்க வேண்டாம்! ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இரண்டு மூன்று தடவையில், கையேட்டிலுள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள்.

ஆயில் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். அதனால் முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலை பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஹெட் சூடானதும் நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று தடவை. அப்புறம் ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரென்சால் சரிபாருங்கள். முதல் 500 கி.மீ. வரை ஆக்சிலேட்டரை அரைக்கு மேல் திருக வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் போக வேண்டாம். அந்த 500 கி.மீ. முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. வெளுத்துப்போயிருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் ரப்பரையும் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) மறுபடி பாருங்கள்.