சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

செங்கோட்டையில் ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக மேகம் இறங்கிவிடும். ஆடி முடியும்வரை சாரல்தான். அந்த நாட்களில் வெந்நீர் இல்லாமல் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளிக்க மாட்டார்கள். மொட்டைமாடியில் வெயில் எட்டிப் பார்க்காததும் அதே நாட்களில்தான். அதனால் ஹீட்டர் விலையை விசாரிக்கும் முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்களுக்கு வெந்நீர் தேவைப்படும் நாளும் வெயில் அடிக்கும் நாளும் சேர்ந்து வருகிறதா?

முதல் படி: காலண்டர்

மாதாமாதம் எத்தனை நாள் வெந்நீரில் குளிக்கிறீர்கள் என்று குறியுங்கள். அதில் மேகமூட்டமான நாட்களைக் கழியுங்கள். காலையில் குளிக்கும் தண்ணீர் முந்தின நாள் வெயிலில் சூடானது என்பதை மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வெந்நீர் நாட்கள் 180. சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் போக மிஞ்சியது 110. மார்கழியும் தையும்தான் கைகொடுக்கிற மாதங்கள். விடியலில் குளிர், பகலில் நல்ல வெயில்.

இரண்டாம் படி: எவ்வளவு சூடு வேண்டும்?

எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டிகிரி சூடேற வேண்டும், இரண்டையும் பெருக்கி 860 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஆளுக்கு 18 லிட்டர் வாளி ஒன்று, நான்கு பேருக்கு 72 லிட்டர். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்றால் ஏற வேண்டியது 13. 72 × 13 ÷ 860 = சுமார் 1.1 யூனிட். கீசரிலும் குழாயிலும் வீணாகும் சூட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 1.3 என்று வைத்துக்கொண்டேன். சரிபார்க்க வேண்டுமானால், 2000 வாட் கீசர் அரைமணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

பலரும் நினைப்பதைவிட இது குறைவு. "கீசரால்தான் பில் ஏறுகிறது" என்று அடித்துச் சொல்கிறவர்கள்கூட இதைப் போட்டுப் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: யூனிட் என்ன விலை?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் இலவசம். மொத்தமே அந்த அளவுக்குள் இருந்தால் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. அதைத் தாண்டினால், குறைவது மேலே உள்ள விலை கூடிய யூனிட்தான். ஆகவே பில்லில் கடைசிப் படிநிலையின் விலையை எடுங்கள். புனலூர், பாலக்காடு பக்கம் இருப்பவர்கள் கேரள பில்லைப் பாருங்கள். அங்கே கட்டணம் வேறு. கேஸில் தண்ணீர் காய்ச்சுகிறீர்களா? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, அடுப்பில் வீணாவது போக, தண்ணீருக்குத் தோராயமாக 100 யூனிட் சூடு தரும். சிலிண்டர் விலையை 100 ஆல் வகுங்கள். சொந்தத் தோப்புத் தென்னை மட்டையில் வெந்நீர் போடுகிறவர்களுக்கு மிச்சமாகும் பணம் பூஜ்யம். ஆனால் புகையில் நிற்கும் பெண்களின் கண்ணும் நெஞ்சும் அந்தக் கணக்கில் வராது. அவர்களுக்காகவே வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு: 110 நாள் × 1.3 யூனிட் × 6 ரூபாய் = 858 ரூபாய், அதுவும் ஒரு வருஷத்துக்கு. குழாய் வேலையோடு எனக்குச் சொன்ன விலை 22,000. போட்ட பணம் திரும்ப 25 வருஷத்துக்கு மேல் ஆகும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சங்கரன்கோவிலில் சித்தப்பா வீடு வேறு மாதிரி. கூட்டுக்குடும்பம், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தை. தினம் பத்து வாளி. சாரல் அங்கே எட்டாது. 220 நாள் × 3.2 யூனிட் × 8 ரூபாய் = 5,632 ரூபாய். 200 லிட்டர் ஹீட்டருக்கு 32,000 கொடுத்தாலும் ஆறு வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும். தயங்காமல் வாங்குங்கள் என்று சொன்னேன்.

நான்காம் படி: மாடிக்கு ஏறுங்கள்

தெற்குப் பார்த்த இடம் வேண்டும். காலை 9 முதல் மாலை 3 வரை தென்னை நிழலோ பக்கத்து வீட்டு நிழலோ விழக் கூடாது. பம்பு இல்லாத சாதாரண ஹீட்டருக்குத் தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இதற்கே தனியாக மேடை கட்ட வேண்டியிருக்கிறது, அந்தச் செலவையும் சேருங்கள். 100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ, அதனால் ஓட்டு வீட்டுக்காரர்கள் கொத்தனாரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குழாய் சிபிவிசியாக இருக்கட்டும், சாதாரண பிவிசி சூட்டில் வளைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் போனால் அதில் நிற்கும் ஆறிய தண்ணீரே 4 லிட்டர் அளவு இருக்கும். தினமும் அது வந்து தீர்ந்த பிறகுதான் வெந்நீர் வரும்.

அப்புறம் போர் தண்ணீர். கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படிந்தால் செம்புக் குழாய் உள்ள தட்டை வகை ஹீட்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை கொஞ்சம் தாங்கும், அதையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

பிரதமர் சூர்ய கர் திட்ட மானியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மின்சாரம் தயாரிக்கும் சோலார் பேனலுக்கு, வாட்டர் ஹீட்டருக்கு அல்ல.

மழை நாளுக்கென்று ஹீட்டர் தொட்டிக்குள் கரண்ட் காயில் வைத்துத் தருகிறேன் என்பார்கள். அது நான்கு வாளியோடு நிற்காது, தொட்டி முழுவதையும் காய்ச்சும். 100 லிட்டரை 27-லிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 2.7 யூனிட் ஆகும். எங்கள் வீட்டுத் தேவையோ 1.3. காயில் வைத்தே ஆகவேண்டும் என்றால், அதன் சுவிட்சை மாடியில் விடாமல் குளியலறைக்கு வெளியே, கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.