பழைய இடைத்தேர்தலைத் தேடும் பிள்ளைகளுக்கு

வெள்ளைக்காரன் காலத்து இடைத்தேர்தல் ஒன்றைச் செயற்திட்டத்துக்கு எடுக்கிறீர்களா? சரி. அந்த ஆசனம் ஏன் காலியானது என்று முதலில் பாருங்கள். 1931இல் இலங்கையில் டொனமூர் திட்டப்படி (அப்போதைய அரசியலமைப்பு) அரசாங்க சபைக்கு, அதாவது அந்தக் காலத்துச் சட்டசபைக்கு, தேர்தல் நடந்தது. றுவான்வெல்லையில் வென்றவர் இறந்துபோக, அவர் மகள் அட்லின் மொலமூறே வந்தார். யாழ்ப்பாணத்து நாலு ஆசனங்கள் பகிஷ்கரிப்பால் வெறுமையாகக் கிடந்து 1934இல்தான் நிரம்பின. கொழும்பு வடக்கில் வென்ற டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் பதவி தேர்தல் மனுவில், அதாவது அவர் வென்றது செல்லாது என்று நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், பறிபோனது. 1932 மே மாதம் அவர் மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். மூன்றும் இடைத்தேர்தல்தான், ஆனால் தேடும் இடம் வேறு வேறு.

கொழும்பு வடக்கிலேயே கைப்பழக்கம் எடுங்கள். வாக்கெடுப்பு, மனு, தீர்ப்பு, மறுவாக்கெடுப்பு என்று கொப்பியில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். அறிவித்தல்களுக்கு வர்த்தமானி, தீர்ப்புக்குச் சட்ட அறிக்கைத் தொகுதி. ஊர் என்ன பேசியது என்பதற்குப் பத்திரிகை. வீரகேசரியும் ஈழகேசரியும் 1930இல் தொடங்கியவை. தினகரன் வந்ததே 1932 மார்ச்சில். எந்தப் பத்திரிகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். அந்தக் காலத்திலும் ஆசிரியர்களுக்குக் கட்சி இருந்தது.

பெயரில்தான் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். உறுப்பினர் பட்டியலில் 'சரவணமுத்து, கொழும்பு வடக்கு' என்று மட்டும் இருந்தால் அது கணவனா மனைவியா? ஆண்டைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். கொழும்பு ஓவல் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த சரவணமுத்து டாக்டரின் சகோதரர், அவரை இதற்குள் இழுக்கவேண்டாம். டாக்டரோ 1937இல் கொழும்பின் முதல் மேயரானார். மனுவில் தோற்றவரை ஊர் கைவிடவில்லை என்று எழுத அதுவே போதும்.

நம் ஊரைத் தேடுகிறவர்கள் 'திருகோணமலை' என்று மட்டும் போட்டால் ஒன்றும் அகப்படாது. 1947 வரை மட்டக்களப்போடு சேர்ந்த ஒரே ஆசனம். 1943 இடைத்தேர்தலில் நல்லையா வென்றதும் அந்தச் சேர்ந்த ஆசனத்தின் பெயரில்தான் இருக்கும்.

ஈழகேசரியை நூலகம் இணையத்தளத்திலேயே வாசிக்கலாம், வீட்டில் இருந்தபடி அதை முடித்துவிடுங்கள். மிச்சத்துக்குக் கொழும்பு சுவடிகள் கூடம். இரவு ரயிலில் போனால் காலையில் கோட்டையில் இறங்கலாம். திகதிகளை முதலே எழுதிக்கொண்டு போங்கள், அடையாள அட்டையையும் மறக்காதீர்கள்.